பனியனும் பின்னல்தான்

அன்புள்ள அக்கா,

குன்னூரிலிருந்து மதுரைக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்வெட்டர், குல்லா எல்லாம் பின்னக் கற்றுக்கொண்டது அங்கேதான். இங்கே உல்லனை எடுத்து மடியில் வைத்தாலே வியர்க்கிறது. அதனால் இந்தக் கோடையில் 100 கிராமுக்கு 210 மீட்டர் வரும் பருத்தி நூல் வாங்கி, ஆறு வயது மகளுக்குக் கையில்லாத மேல்சட்டை ஒன்று பின்னினேன். பழைய ஸ்வெட்டர் கணக்கையே வைத்து, 4 மி.மீ. வட்ட ஊசியில் (இரண்டு முனைகளை ஒயரால் இணைத்த ஊசி), பக்கத் தையலே இல்லாமல் கீழிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னியது. போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. துவைத்துக் கொடியில் போட்டேன். 40 செ.மீ. இருந்த சட்டை 48 செ.மீ. ஆகிவிட்டது. கழுத்து தோளை விட்டு இறங்குகிறது. நூல் மட்டமா, என் கை மட்டமா?

இன்னொன்று. ஒரு அமெரிக்கக் குறிப்பில் 10-ஆம் நம்பர் ஊசி என்று போட்டிருந்தது. கடையில் 10 கேட்டு வாங்கிப் பின்னினால் துணி பலகை மாதிரி விறைத்துக்கொண்டு வருகிறது, அகலமும் பாதிதான் இருக்கிறது.

கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டிக்கொள்வதற்கு வழி உண்டா? விடுமுறையில் மகளும் ஊசியைக் கேட்கிறாள், கொடுக்கலாமா? அக்னி நட்சத்திரத்தில் ஸ்வெட்டர் பின்னுகிறாள் என்று வீட்டில் ஒரே கேலி.

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள தோழிக்கு,

கேலி செய்கிறவர் பனியன் போட்டிருக்கிறாரா பாருங்கள். அதன் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால், அம்புத் தலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் வரி வரியாகத் தெரியும். நீங்கள் ஊசியில் போடும் நிட் கண்ணிதான் (நேர்ப் பின்னலின் வளையம்தான்) அது, அச்சு அசலாக. 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். கை ஊசி போட்ட கண்ணியையே இயந்திரத்தைப் போடவைத்தார், அவ்வளவுதான். திருப்பூரில் சுற்றும் வட்ட மெஷின்கள் வரைக்கும் கண்ணி மாறவில்லை. கோடையில் நாம் உடம்போடு ஒட்டிப் போடுகிற துணியே பின்னல் துணிதான் என்னும்போது, பின்னல் என்றாலே குளிர்காலம் என்பது எந்த ஊர்க் கணக்கு?

சூடு கண்ணியில் இல்லை. இழையிலும் தடிமனிலும் இருக்கிறது. டி-ஷர்ட் துணி சதுர மீட்டருக்கு 150 முதல் 180 கிராம் வரை வரும். நீங்கள் 4 மி.மீ. ஊசியில், 100 கிராமுக்கு 210 மீட்டர் வரும் நூலில் பின்னினால், அதே சதுர மீட்டர் 400 கிராமைத் தாண்டும். பருத்தியாகவே இருந்தாலும் இரண்டு டி-ஷர்ட்டுக்கு மேல் போட்டமாதிரிதான். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கையில்லாத சட்டை என்றால் தாங்கும். பெரியவர்களுக்கு முழுக்கை வைத்து அந்த நூலில் பின்னி மே மாதத்தில் போடச் சொன்னால் போடமாட்டார்கள், போடவும் கூடாது. பெரியவர்களுக்கென்றால் 100 கிராமுக்கு 350-400 மீட்டர் வரும் மெல்லிய நூலை எடுத்து, 3 மி.மீ. ஊசியில் பின்னுங்கள். வேலை நீளும், ஆனால் அலமாரியில் தூங்காது.

நூல் வாங்கும்போது லேபிளில் பார்க்கவேண்டியது இந்த கிராம்-மீட்டர் கணக்கைத்தான். ‘மெல்லிசு’, ‘நடுத்தரம்’ என்று கடையில் சொல்வது கடைக்குக் கடை மாறும். கூடவே டை லாட் நம்பரையும், அதாவது எந்தத் தடவை சாயம் போட்டது என்கிற எண்ணையும், பாருங்கள். ஒரே நிறம், ஒரே கம்பெனி என்றாலும் லாட் மாறினால் சாயம் ஒரு மாற்றுக் குறைந்தோ கூடியோ இருக்கும். இரவு விளக்கில் தெரியாது, காலையில் குறுக்கே கோடு போட்டதுபோல் தெரியும்.

‘உல்லன்’ என்ற பெயரையும் நம்பவேண்டாம். தமிழ்நாட்டுக் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. சந்தேகமிருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு மெல்லிய சாம்பலாகும். கம்பளி, முடி கருகுகிற நாற்றம் அடித்து, நசுக்கினால் பொடியாகிற கரியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணிபோல் இறுகும். இதனால்தான் சூடான பாத்திரம் பிடிக்கிற துணியை அக்ரிலிக்கில் பின்னவே கூடாது. கோடையில் அக்ரிலிக் புழுங்குவதற்குக் காரணம் அது வியர்வையைக் குடிப்பதில்லை என்பது. காற்றிலிருந்து அது எடுத்துக்கொள்ளும் ஈரம் அதன் எடையில் இரண்டு சதவீதத்துக்குள். பருத்தி எட்டு சதவீதத்துக்கு மேல் எடுக்கும். மூங்கில் நூல் என்று வருவது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ்; குளுமையாகத்தான் இருக்கும், ஆனால் பருத்தியைவிடவும் தொங்கும், நனைந்தால் பலம் குறையும். முதல் சட்டைக்கு அது வேண்டாம்.

சரி, உங்கள் சட்டைக்கு வருகிறேன். நூலும் மட்டமில்லை, கையும் மட்டமில்லை. கம்பளியின் கணக்கைப் பருத்தியிடம் கேட்டிருக்கிறீர்கள்.

கம்பளி இழை சுருள் சுருளாக இருக்கும். இழுத்தால் தன் நீளத்தில் 30 சதவீதம் வரை நீண்டு, விட்டால் திரும்பும். பருத்தி இழை 10 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். இழை நீளாது, சரி, துணி எப்படி நீண்டது? கண்ணி என்பது வளைந்த நூல். மேலிருந்து கீழே இழுவிசை வந்தால் அகலவாக்கில் இருக்கும் வளைவு நூலை விட்டுக்கொடுக்கும், கண்ணி நெட்டையாகும். கம்பளியில் அந்தச் சுருள் கண்ணியைப் பழையபடி இழுத்து உட்காரவைக்கும். பருத்தியில் இழுப்பதற்கு ஆளில்லை. போன இடத்திலேயே நின்றுவிடும். போதாததற்கு, நனைந்த பருத்திச் சட்டை தன் எடைக்கு மேலேயே தண்ணீரைச் சுமக்கும். அதைக் கொடியில் போட்டு, கிளிப்பும் மாட்டி, மதுரை வெயிலில் காயவைத்தால், நெட்டையான கண்ணி அந்த நெட்டையிலேயே காய்ந்து இறுகும். பக்கத் தையல் இருந்திருந்தால் ஓரளவு தாங்கியிருக்கும். சுற்றிப் பின்னும் சட்டையில் தூண் கிடையாது.

முதலில் காசு செலவில்லாத வைத்தியம். சட்டையைத் திரும்ப நனைத்து, முறுக்காமல் கையால் அழுத்திப் பிழிந்து, ஒரு பெரிய துண்டில் வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். துண்டு தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு படுக்கையாகப் போட்டு, அகலத்தை இரண்டு பக்கமும் இழுத்து, நீளத்தைக் கீழிருந்து மேலே தள்ளித் தட்டி, டேப் வைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். காயவைக்கக் கயிற்றுக் கட்டிலைப்போல் ஒன்று கிடையாது. மேலே ஒரு மெல்லிய வேட்டியை விரித்துப் போட்டால் கீழிருந்தும் காற்று வரும். நிழலில், உள்புறம் வெளியே தெரிய. இப்படிச் செய்தால் எட்டு செ.மீ.யில் பாதியாவது திரும்பலாம். இனி எப்போது துவைத்தாலும் இதே முறைதான். பருத்திப் பின்னலைக் கொடியில் ஏற்றாதீர்கள்.

அப்படியும் நீளம் நின்றால் கீழே வெட்டலாம். பயப்படவேண்டாம், கத்தரிக்கோல் ஒரே ஒரு கண்ணியைத்தான் தொடும். நீங்கள் கீழிருந்து மேலே பின்னியிருப்பதால் அடி விளிம்பைப் பிடித்து உருவினால் வராது, சிக்கும். எவ்வளவு குறைக்கவேண்டுமோ அதோடு 2 செ.மீ. சேர்த்து, அந்த உயரத்தில் ஒரு வரிசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்கு நேர் மேல் வரிசையில், ஒவ்வொரு கண்ணியின் வலது காலிலும் 3 மி.மீ. வட்ட ஊசியைச் சுற்றிலும் கோத்துவிடுங்கள். ஒரு கண்ணியைக்கூட விடக்கூடாது, வரிசையும் தாவக்கூடாது. வேறு நிற நூலை முன்கூட்டியே அந்த வரிசையில் ஓட்டிவைத்தால் கண் ஏமாறாது. இப்போது தேர்ந்த வரிசையின் நடுவில் ஒரு கண்ணியை வெட்டி, மொட்டை ஊசியால் நூலை ஒவ்வொரு கண்ணியாக இரண்டு பக்கமும் பிரித்துக்கொண்டே போங்கள். கீழ்ப்பகுதி தனியாகக் கழன்றுவரும். மேல்பகுதி ஊசியில் பத்திரமாக நிற்கும். ஒரு சுற்று நிட், ஒரு சுற்று பர்ல் (நிட்டின் மறுபக்கக் கண்ணி) என்று எட்டுச் சுற்று பின்னி, தளர்வாக முடித்துவிடுங்கள். அந்த எட்டுச் சுற்றுதான் நீங்கள் சேர்த்துவைத்த 2 செ.மீ.

கழுத்துக்கு நாடா. ஏதாவதொரு டி-ஷர்ட்டைப் புரட்டி, பின்கழுத்தின் உள்பக்கம் பாருங்கள். ஒரு பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள், சிலவற்றில் தோள் வரைக்கும் ஓடும். பின்னல் துணியின் மொத்த எடையும் தொங்குகிற இடம் அது, நெய்த துணிதான் அதைத் தாங்கும் என்று பனியன் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும். 1 செ.மீ. அகலப் பருத்தி நாடாவை வாங்கி, முதலில் வெந்நீரில் நனைத்துக் காயவையுங்கள். இல்லையென்றால் பிறகு அது சுருங்கிச் சட்டையைச் சுருக்கும். மகளின் ஒரு தோள் முனையிலிருந்து பின்கழுத்து வழியாக மறு தோள் முனைக்கு அளந்து, அந்த நீளத்துக்கு வெட்டி, நீண்டுபோன தோளை அதற்குள் சீராக அடக்கி, குண்டூசி குத்தி, கைத்தையல் போடுங்கள். சட்டையை நாடாவுக்குப் பொருத்தவேண்டுமே தவிர, நாடாவைச் சட்டைக்கு அல்ல. முன்கழுத்து இன்னும் தளர்வாக இருந்தால் 3 மி.மீ. குரோஷே ஊசியால் (கொக்கி முனை ஊசி) ஒரு சுற்று, இரண்டு கண்ணிக்கு ஒன்று தவிர்த்து இறுக்கிப் பிடிக்கலாம்.

அடுத்த சட்டைக்கு, கண்ணிக் கணக்குப் பார்க்க முன்னதாகப் பின்னும் மாதிரித் துண்டிலேயே இந்த வம்பைத் தீர்த்துவிடலாம். எல்லோரும் மாதிரித் துண்டு பின்னி, அளந்து, போட்டுவிடுவார்கள். கம்பளிக்கு அது போதும் என்றுகூடச் சொல்லலாம். பருத்திக்கு 15 செ.மீ. சதுரமாவது பின்னி, துவைத்து, காய்ந்ததும் கீழ் விளிம்பில் இரண்டு மூன்று துணிக் கிளிப்புகளை மாட்டி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, பிறகு அளக்கவேண்டும். ஊசியில் இருக்கும்போது 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை இருந்தது, தொங்கவிட்ட பிறகு 21 கண்ணி, 25 வரிசை என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 42 செ.மீ. வேண்டுமென்றால் 28-ஐ வைத்துக் கணக்கிட்டால் 118 வரிசை. அதைத்தான் நாம் பின்னித் தொலைக்கிறோம். சரியான கணக்கு 25-ஐ வைத்து 105 வரிசை. பின்னும்போது சட்டை குட்டையாகத் தெரியும், தெரியட்டும். மார்பு 60, தளர்ச்சிக்கு 6, ஆக 66 செ.மீ. என்றால் 21-ஐ வைத்து 139. இரட்டைப்படையாக 140 கண்ணி. இந்த அளவுச் சட்டைக்கு மாதிரித் துண்டையும் சேர்த்து 150 கிராம் நூல் போதும்.

ஊசியையும் கம்பளிக் குறிப்பு சொல்வதைவிட அரை மி.மீ. குறைத்து எடுங்கள், 4 என்றால் 3.5. நெருக்கமான கண்ணிக்கு நெட்டையாக இடம் குறைவு. முன், பின் என்று இரண்டு துண்டாகப் பின்னிப் பக்கத்தில் தைத்துவிடுங்கள். ஓரத்தில் ரிப் (நிட், பர்ல் மாறி மாறி வரும் இழுவைப் பட்டை) வைத்தால் பருத்தியில் அது ஒரு வாரம் அழகாக இருந்துவிட்டு வாய் பிளந்துவிடும். வைத்தே தீரவேண்டுமானால் ஊசியை இரண்டு அளவு குறைத்து, நிட் கண்ணிகளைப் பின்காலில் முறுக்கிப் போடுங்கள். காற்று வர ஓட்டை ஓட்டையாகப் பின்னும் ஆசை வரும், வரட்டும். ஆனால் ஓட்டைகளைத் தோளிலும் மார்பிலும் வைக்காதீர்கள். எடை அங்கேதான் தொங்குகிறது, ஓட்டை வாய் பெரிதாகிக்கொண்டே போகும். இடுப்புக்குக் கீழே வையுங்கள். நூலைச் சுற்றி ஓட்டை விட்டு, இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னுவதை எல்லா வரிசையிலும் ஒரே பக்கம் சாய்த்துச் செய்தால் துணியே ஒரு பக்கம் சாயும். ஒரு ஓட்டை வரிசைக்கு வலது, அடுத்ததற்கு இடது என்று மாற்றிப் போடவேண்டும்.

பருத்தியில் இன்னொன்று கண்ணை உறுத்தும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று தட்டையாகப் பின்னினால், வரிசைகள் இரண்டிரண்டாகப் பிரிந்து, இடையே பள்ளம் விழுந்ததுபோல் தெரியும். பர்ல் போடும்போது நூல் சற்று அதிகமாகப் போகிறது என்பதுதான் காரணம். கம்பளி அந்த வித்தியாசத்தைத் தன் சுருளில் மறைத்துவிடும், பருத்தி காட்டிக்கொடுத்துவிடும். முனை மாற்றும் வட்ட ஊசி இருந்தால் பர்ல் வரிசை போடும் கைக்கு ஒரு அளவு சிறிய முனையை மாட்டுங்கள். இல்லையா, இரண்டு பக்கமும் நிட் மட்டும் போடும் பின்னலுக்கு மாறிவிடுங்கள். அதில் இந்தக் குற்றம் தெரியவே தெரியாது.

10-ஆம் நம்பர் ஊசிக் கதைக்கு விடை எளிது. நம் கடைகளில் கிடைக்கும் அலுமினிய ஊசிகளின் தலையில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் நம்பர் இருக்கும். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க நம்பரில் ஏற ஏறத் தடிக்கும். பிரிட்டிஷ் 10 என்பது 3.25 மி.மீ., அமெரிக்க 10 என்பது 6 மி.மீ. தடித்த நூலை 3.25-இல் பின்னினால் பலகைதான் வரும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகிற இடம் 7, இரண்டிலும் 4.5 மி.மீ. மற்றபடி அடிக்கடி தேவைப்படுவது: பிரிட்டிஷ் 11 என்றால் 3 மி.மீ., 9 என்றால் 3.75, 8 என்றால் 4, 6 என்றால் 5. அமெரிக்கக் குறிப்பில் 6 என்றால் 4 மி.மீ., 8 என்றால் 5. நம்பரை மறந்து மி.மீ.யையே கேட்டு வாங்குவது உத்தமம். வீட்டில் பெயரழிந்த ஊசிகள் கிடந்தால், துளை போட்ட அளவுத் தகடு ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வியர்வைக்கு முதல் வழி ஊசியின் பொருளை மாற்றுவது. அலுமினியத்தில் வியர்வை பட்டால் நூல் நகராது, வெளிர்நிற நூலில் சாம்பல் கறையும் ஏறும். பூச்சுப் போட்ட உலோக ஊசியில் வியர்வை நாளடைவில் பூச்சை அரித்துச் சொரசொரப்பாக்கும். பிளாஸ்டிக் கையோடு ஒட்டும், வளையும். மூங்கிலும் மரமும் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் மதுரைபோன்ற வறண்ட வெயிலுக்கு ஏற்றவை. ஆனால் சென்னை, நாகப்பட்டினம் என்று கடற்கரை ஈரத்தில் மூங்கிலும் கனத்துப் பிசுபிசுக்கும்; மெழுகுத்தாளால் நான்கு தேய்ப்புத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் சரியாகும். பருத்தி நூல் புரி (சேர்த்து முறுக்கிய இழை) பிரியும் குணமுள்ளது என்பதால் மிகக் கூர்மையான முனை வேண்டாம், புரிக்கு நடுவே குத்திக்கொண்டு போகும்.

நீளக் குச்சி ஊசியைவிட 60 அல்லது 80 செ.மீ. வட்ட ஊசி கோடைக்கு நல்லது, தட்டையாகப் பின்னுவதற்கும்தான். துணியின் எடை மணிக்கட்டில் தொங்காமல் மடியில் உட்காரும். பருத்தி கனம் அதிகம், இழுத்தால் விட்டுக்கொடுக்காது. ஆகவே விரல்தான் விட்டுக்கொடுக்கவேண்டியிருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வையுங்கள். வட்ட ஊசியின் ஒயர் சுருண்டு நின்றால் வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி நேராகப் பிடித்து ஆறவிடுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருவது போதும். பவுடர் வேண்டாம், வியர்வையோடு குழைந்து நூலில் அப்பும். தேங்காயெண்ணெய் தடவிய கை, மருதாணி காயாத கை, இரண்டுக்கும் வெளிர்நிற நூல் ஆகாது. மின்விசிறிக்குக் கீழே உருண்டை ஓடினால் நூலில் தூசியும் முடியும் சுற்றிக்கொள்ளும். எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடியைச் சற்று விலக்கி நூலை வெளியே எடுங்கள். கனமான தூக்கு, இழுத்தாலும் உருளாது.

பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை மடியில் பெரிய துணி எதுவும் வேண்டாம். அந்த நேரத்துக்கான வேலை கைப்பிடித் துணி, பாத்திரம் துடைக்கும் சதுரம்போன்ற சின்னவை. ஒரு சதுரம் சொல்கிறேன். 100 கிராமுக்கு 210 மீட்டர் பருத்தி நூல், 4 மி.மீ. ஊசி. 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் 2 நிட், நூலை ஊசியில் ஒரு சுற்று, மீதி எல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். 56 கண்ணி ஆனதும் இறங்கவேண்டும்: 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, நூலை ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒன்று, மீதி நிட். வரிசைக்கு ஒன்று குறையும். 4 கண்ணி வந்ததும் முடித்துவிடுங்கள். மூலையிலிருந்து மூலைக்குப் போகிற பின்னல் என்பதால் 56 கண்ணி என்பது மூலைவிட்டம், 28 செ.மீ.; பக்கம் 20 செ.மீ. வரும். நூல் 25 கிராம் வாக்கில் ஆகும். இறங்கும்போது நூலைச் சுற்ற மறந்தால் வரிசைக்கு இரண்டு குறைந்து பாதி சாய்ந்துவிடும். ஓரத்தில் ஓட்டை இல்லாத இடத்தைப் பார்த்தால் எங்கே மறந்தோம் என்று தெரியும். சூடான பாத்திரம் பிடிக்க என்றால் இரண்டு சதுரத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தையுங்கள், ஒன்று போதாது.

நூல் முடிந்து புது உருண்டை சேர்க்கும்போது, கம்பளியில் செய்வதுபோல் ஈரப்படுத்தித் தேய்த்து ஒட்டும் வித்தை பருத்தியில் நடக்காது, அது பிசிறு பின்னிக்கொள்ளாத இழை. ஓரத்தில் மாற்றி, இரண்டு வாலையும் 15 செ.மீ. விட்டு, ஒரு திசையில் கோத்து, திரும்பி எதிர்த்திசையிலும் கோத்துவிடுங்கள். ஒருமுறை துவைத்த பிறகுதான் நுனியை வெட்டவேண்டும். அடர்சிவப்பு, கருநீலம் என்றால் மாதிரித் துண்டை ஒரு வெள்ளைத் துணியோடு நனைத்து வைத்துப் பாருங்கள். சாயம் போனால் உப்போ வினிகரோ போட்டு நிறுத்தலாம் என்பார்கள். வினிகர் கம்பளிச் சாயத்துக்கான வைத்தியம், பருத்திச் சாயத்தை அது பிடித்துவைக்காது. தண்ணீர் தெளிகிற வரை தனியாக அலசுவதுதான் வழி.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மதுரையில் இருப்பதால் சொல்கிறேன். திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் யாராவது போனால் கோன் நூல் வாங்கிவரச் சொல்லலாம். அங்கே நூலுக்கு நம்பர்தான் பேச்சு; நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நம்பரை 1.69-ஆல் பெருக்கினால் ஒற்றை நூலில் ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 20-ஆம் நம்பர் என்றால் ஏறக்குறைய 34 மீட்டர். இரண்டு புரி என்றால் அதில் பாதி, 17. அப்படி எட்டு இழையைச் சேர்த்துப் பிடித்தால் கிராமுக்கு 2.1 மீட்டர், அதாவது உங்கள் 100 கிராம்-210 மீட்டர் நூல். ஒற்றைப் புரி நூலை மட்டும் வாங்காதீர்கள். அதன் முறுக்கு ஒரே பக்கமாக இருப்பதால் பின்னல் சாயும். சில டி-ஷர்ட்டுகளில் பக்கத் தையல் நாலு துவையலில் வயிற்றுப் பக்கம் நகர்ந்து வருமே, அதே கோளாறுதான். புரி சேர்த்த நூலில் ஒரு முறுக்கை இன்னொன்று சமன்செய்யும். தறியில் பாவுக்குக் (நீளவாக்கு இழைக்கு) கஞ்சி போட்ட நூலாக இருந்தால் விறைப்பாக இருக்கும்; சிட்டாவாக (பெரிய வளையமாக) சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெந்நீரில் சோப்புப் போட்டு அலசினால் போய்விடும். கோரா நூல் (சாயமும் வெளுப்பும் ஏறாத நூல்) துவைத்தபின் சுருங்கும், அதனால் மாதிரித் துண்டு இல்லாமல் இறங்கவேண்டாம். பளபளப்பு வேண்டுமென்றால் மெர்சரைஸ்டு நூல். 1844-ல் ஜான் மெர்சர் கண்டறிந்த காஸ்டிக் சோடா முறை அது. நூல் வழுவழுப்பாகும், பலமாகும், சாயம் நன்றாக ஏறும். பிரியும் குணமும் குறைவு.

குன்னூரில் வாங்கிய நிஜக் கம்பளி மிச்சமிருந்தால் வெயிலில் ஒரு நாள் உதறிக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் போட்டுவையுங்கள். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத்தான் தின்னும், அதுவும் வியர்வை பட்டதை முதலில்.

மகளுக்கு ஊசி கொடுக்கலாம், ஆனால் முதல் வாரம் ஊசி இல்லாமல், விரலில் நூலைச் சுற்றிப் பின்னச் சொல்லுங்கள். கண்ணிக்குள்ளிருந்து கண்ணி வருகிறது என்பது கையில் பதிந்துவிடும். பிறகு 5 மி.மீ. மூங்கில் ஊசி, 20 செ.மீ.க்குள் நீளம், தடித்த வெளிர்நிற நூல், 12 கண்ணி. கண்ணி ஏற்றுவதும் முதல் வரிசையும் உங்கள் வேலை. நிட் மட்டும் போடட்டும். பருத்தியில் தொடங்கவேண்டாம்; இங்கே மட்டும் அக்ரிலிக்கை நான் எதிர்க்கமாட்டேன், சின்ன விரலுக்கு விட்டுக்கொடுக்கும்.

இரண்டாம் நாள், 12 கண்ணி 15 ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு வருவாள். வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருக்கும். அப்போது முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே வந்து இரண்டு கண்ணிபோல் தெரியும், அவளும் இரண்டிலும் பின்னிவிடுவாள். நூலை முதலில் ஊசிக்குக் கீழே இழுத்துவிட்டு, பிறகு பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணச் சொல்லுங்கள். மதிய வெயிலில் வீட்டுக்குள் உட்காரவைக்க அதுவும் ஒரு வழி.

அன்புடன்,
அக்கா